மகாராஜாவும் ஷேர் ஆட்டோவும்

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவர்)



ஒரகடம் கூட்டு ரோட்டில் பஸ்ஸுக்காக நிற்கும்போது, தலைக்கு மேலே மீனம்பாக்கம் நோக்கி இறங்கிப் போகும் விமானங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சின்ன வயதில் கை காட்டியும் இருக்கிறோம். ஆனால் எங்கள் குடும்பத்தில் இன்று வரை யாரும் விமானத்தில் ஏறியதில்லை. அப்படியிருக்க, விமானக் கம்பெனியைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதிலைக் கட்டுரையின் நடுவில் சொல்கிறேன்.

தொழில் மேலாண்மை வகுப்பில் எங்கள் ஆசிரியர், "ஒரு பெரிய பொதுத்துறை நிறுவனம் ஏன் நஷ்டப்பட்டது? ஏதாவது ஒன்றை எடுத்து எழுதி வாருங்கள்" என்றார். நான் ஏர் இந்தியாவை எடுத்தேன். நூலகத்தில் பழைய நாளிதழ்களைப் புரட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் எல்லாம் குழப்பமாகவே இருந்தது. எங்கப்பா சுங்குவார்சத்திரத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையே டாடா மேஜிக் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு விழிப்பதைப் பார்த்து, "இன்னாப்பா அது, சொல்லு பார்ப்போம்" என்றார். சொன்னேன். ஐந்தே நிமிடத்தில் அவர் விளக்கியதுதான் இந்தக் கட்டுரைக்கு அஸ்திவாரம்.

சென்னையில் முடிந்த முதல் பயணம்

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து ஒரு சின்ன புஸ் மாத் விமானத்தில் தபால் மூட்டையை ஏற்றிக்கொண்டு, தானே ஓட்டி, அகமதாபாத் வழியாகப் பம்பாயில் இறங்கினார் ஜே.ஆர்.டி. டாடா. அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னை வரை நெவில் வின்சென்ட் என்ற விமானி ஓட்டி வந்தார். ஆக, இந்தியாவின் முக்கியமான அந்த முதல் தபால் விமானப் பாதை வந்து முடிந்த இடம் நம்ம சென்னைதான்!

டாடா ஏர்லைன்ஸ் 1946-ல் ஏர் இந்தியா ஆயிற்று. தலைப்பாகை கட்டிக் குனிந்து வணக்கம் சொல்லும் மகாராஜா பொம்மை பிறந்ததும் அந்த வருடம்தான். 1948 ஜூனில் பம்பாயிலிருந்து லண்டனுக்கு விமானம் கிளம்பியது. 1953-ல் விமானத் தொழில் நாட்டுடைமை ஆக்கப்பட்டது. வெளிநாட்டுப் பயணம் ஏர் இந்தியாவுக்கு, உள்நாட்டுப் பயணம் எட்டு தனியார் கம்பெனிகளை இணைத்து உருவான இந்தியன் ஏர்லைன்ஸுக்கு என்று பிரித்தார்கள். நாட்டுடைமைக்குப் பிறகும் 1978 வரை ஜே.ஆர்.டி.யே ஏர் இந்தியாவின் தலைவராக இருந்தார். அந்தக் காலத்தில் உலகின் நல்ல விமான நிறுவனங்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது ஏர் இந்தியா.

ஏறக்குறைய 40 ஆண்டுகள் உள்நாட்டில் போட்டியே கிடையாது. டிக்கெட் விலை என்ன சொன்னாலும் வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்கியவர்களும் அதிகாரிகள், முதலாளிகள், வசதியுள்ளவர்கள். நம் போன்றவர்களுக்கு விமானம் என்பது அண்ணாந்து பார்க்கும் பொருள், அவ்வளவுதான்.

போட்டி வந்தது

1991-க்குப் பிறகு காற்று மாறியது. ஈஸ்ட் வெஸ்ட், ஜெட் ஏர்வேஸ், சஹாரா, தமானியா, மோடிலுஃப்ட், நம் சென்னையைச் சேர்ந்த என்.இ.பி.சி. என்று பல கம்பெனிகள் வந்தன. 1994-ல் பழைய சட்டத்தையே ரத்து செய்து தனியாருக்கு முழுதாகக் கதவைத் திறந்தார்கள். ஆனாலும் அவர்கள் விற்றதும் விலை அதிகமான டிக்கெட்தான்.

உண்மையான போட்டி 2003-ல் வந்தது. கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கான் என்ற மலிவு விமானக் கம்பெனியைத் தொடங்கினார். ஒரு ரூபாய் டிக்கெட் என்று விளம்பரம் செய்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தவர் அவர். அவருடைய வாழ்க்கையைத் தழுவித்தான் 2020-ல் 'சூரரைப் போற்று' படம் வந்தது. அதைத் தொடர்ந்து 2005-ல் ஸ்பைஸ்ஜெட், கோஏர், 2006-ல் இண்டிகோ என்று வரிசை கட்டின.

மலிவு எப்படி மலிவாகிறது?

இங்கேதான் எங்கப்பா வருகிறார். "வண்டி நின்னாலும் டியூ நிக்காதுப்பா" என்றார். அவ்வளவுதான் சூத்திரம்!

ஷேர் ஆட்டோ ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதத் தவணை, இன்சூரன்ஸ், எஃப்.சி. செலவு எல்லாம் அப்படியேதான். அதனால் இறக்கிய உடனே ஏற்றணும், திருப்பி ஓடணும். ஒரு நாளைக்கு எட்டு நடை அடிப்பவனுக்கும் பன்னிரண்டு நடை அடிப்பவனுக்கும் தவணை ஒன்றுதான். நடைக்கு விழும் செலவுதான் வேறு.

விமானமும் அப்படியே. ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம் (இது நானாகப் போட்ட கணக்கு). ஒரு விமானத்தின் வாடகை, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 12 லட்சம் ரூபாய் என்று வைப்போம். 'அ' கம்பெனி விமானம் நாளுக்கு 8 மணி நேரம் பறக்கிறது, 150 இருக்கை. மணிக்கு 1,50,000 ரூபாய், இருக்கைக்கு 1,000 ரூபாய். 'ஆ' கம்பெனி விமானம் 12 மணி நேரம் பறக்கிறது, 180 இருக்கை. மணிக்கு 1,00,000 ரூபாய், இருக்கைக்கு சுமார் 556 ரூபாய். அதே விமானம், அதே வாடகை. ஆனால் செலவு கிட்டத்தட்டப் பாதி!

இதை முதலில் பெரிய அளவில் செய்து காட்டியது அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ். 1971-ல் டெக்சாஸில் பறக்கத் தொடங்கிய அந்தக் கம்பெனி, விமானம் தரையில் நிற்கும் நேரத்தை நிமிடக் கணக்கில் குறைத்தது. பிறகு ஐரோப்பாவில் ரயன்ஏர், மலேசியாவில் ஏர் ஏசியா என்று எல்லோரும் அதே பாதையில் போனார்கள். அவர்களுடைய முறைகளைத் தொகுத்துச் சொன்னால்:

1. ஒரே வகை விமானம். பெரும்பாலும் ஏர்பஸ் ஏ320 அல்லது போயிங் 737. ஸ்பேர் பார்ட்ஸ் ஒரே வகை, மெக்கானிக் பயிற்சி ஒரே வகை. எந்த பைலட்டும் எந்த விமானத்தையும் ஓட்டலாம். நம் பட்டறையில் எல்லா லேத்தும் ஒரே மாடலாக இருந்தால் எவ்வளவு வசதி, யோசித்துப் பாருங்கள்.

2. ஒரே வகுப்பு. ஏ320-ல் 180 இருக்கை போடலாம். முன்பக்கம் அகலமான இருக்கை வைத்தால் இந்த எண்ணிக்கை குறையும்.

3. இறங்கி மறுபடி கிளம்ப அரை மணி நேரம்தான்.

4. சாப்பாடு இலவசமில்லை. வேண்டியவர் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

5. புது விமானத்தை மொத்தமாகக் குறைந்த விலைக்கு வாங்கி, குத்தகைக் கம்பெனிக்கு விற்று, அதையே வாடகைக்கு எடுத்து ஓட்டுவது. இண்டிகோ 2005-ல், ஒரு விமானம்கூடப் பறக்கவிடாத நிலையிலேயே, 100 ஏர்பஸ்ஸுக்கு ஆர்டர் கொடுத்தது இப்படித்தான்.

டவுன் பஸ்ஸின் சங்கடம்

சரி, ஏர் இந்தியாவும் இதையே செய்திருக்கலாமே? எங்கப்பாவிடம் கேட்டேன். "அது டவுன் பஸ்ஸுப்பா" என்றார்.

நான் நன்றாக ஆட்டம் உள்ள ரோட்டில் மட்டும் ஓட்டுவேன், கிராமத்துக்குள்ளே காலையில் மூன்று பேருக்காக என் வண்டி போகாது, டவுன் பஸ் போயே ஆகணும் என்பது அவர் விளக்கம். எங்கம்மா மகளிர் கட்டணமில்லாப் பயணத்தில் டவுன் பஸ்ஸில்தான் போகிறார். அப்பா சிரித்துக்கொண்டே, "வீட்டுக்குள்ளேயே போட்டிக் கம்பெனி" என்பார்!

ஏர் இந்தியாவுக்கும் இப்படிப்பட்ட கடமைகள் இருந்தன. 1990-ல் ஈராக் குவைத்தைப் பிடித்தபோது அங்கே சிக்கிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை, சுமார் இரண்டு மாதங்களில் 488 நடைகளில் ஊர் கொண்டுவந்து சேர்த்தார்கள். உலகச் சாதனை அது. 2015-ல் ஏமன், 2020-ல் வூஹான், பிறகு கொரோனா காலத்து வந்தே பாரத் விமானங்கள் என்று ஆபத்துக் காலத்தில் முதலில் அழைக்கப்பட்டது இந்த நிறுவனம்தான்.

ஆனால் தோழர்களே, நஷ்டம் முழுவதையும் சேவையின் தலையில் கட்டிவிட்டால் அது நேர்மையாகாது. வேறு காரணங்களும் உண்டு.

முதலாவது கடன். 2005-06-ல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் சேர்ந்து 111 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தன. போயிங் 68, ஏர்பஸ் 43. வருமானம் சுருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், பெரும்பகுதி கடனில் வாங்கப்பட்டவை அவை. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டாமா? வட்டி கட்டவே மறுபடி கடன் வாங்கும் நிலை வந்தது.

இரண்டாவது இணைப்பு. 2007-ல் இரண்டு நிறுவனங்களையும் ஒன்றாக்கினார்கள். காகிதத்தில் ஒன்று, நடைமுறையில் இரண்டு. வேறு வேறு விமானங்கள், வேறு வேறு சம்பள விகிதம், வேறு வேறு பதவி உயர்வு விதிகள். 2011-ல் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட்டுகள் சம்பள வேறுபாட்டை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். 2012-ல் பழைய ஏர் இந்தியா பைலட்டுகள் 58 நாட்கள் வேலைக்கு வரவில்லை. ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம் என்றால் எந்தத் தொழிற்சாலையில்தான் அமைதி இருக்கும்? இணைந்த பிறகு ஒரு வருடம்கூட நிறுவனம் நிகர லாபம் பார்க்கவில்லை.

மூன்றாவது எண்ணெய். 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. விமானக் கம்பெனியின் செலவில் எரிபொருளே பெரும்பங்கு. இன்றும் விமான எரிபொருள் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை. மாநிலங்கள்தான் வாட் வரி போடுகின்றன. அதிக வரி போடும் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்றாக இருந்து வந்திருக்கிறது. இந்தச் சுமை எல்லாக் கம்பெனிக்கும் பொது. ஆனால் ஏற்கெனவே கடனில் இருப்பவனுக்கு அதே சுமை இரண்டு மடங்காகத் தெரியும்.

நான்காவது, இரு பக்கத்து இடி. உள்நாட்டில் மலிவு விமானங்கள். வெளிநாட்டுப் பாதையில் எமிரேட்ஸ், கத்தார் போன்ற வளைகுடாக் கம்பெனிகள். சென்னையிலிருந்து லண்டனுக்கோ நியூயார்க்குக்கோ போகிறவர்கள் துபாயிலோ தோகாவிலோ மாறிப் போவது பழக்கமாகிவிட்டது. 2005-ல் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் என்ற மலிவுக் கிளையைத் தொடங்கி வளைகுடா போகும் தொழிலாளிகளுக்குப் பறக்க விட்டார்கள். அது நல்ல யோசனை. ஆனால் தாய்க் கம்பெனியின் கடனுக்கு முன்னால் அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

கணக்கு முடிக்கப்பட்டது

2018-ல் அரசு 76 சதவீதப் பங்கை விற்க முன்வந்தபோது வாங்க ஒருவரும் வரவில்லை. கடைசியில் 2021 அக்டோபர் 8 அன்று டாடா நிறுவனம் 18,000 கோடிக்கு ஏலம் எடுத்தது அறிவிக்கப்பட்டது. இதில் ரொக்கம் 2,700 கோடி, மீதி 15,300 கோடி கடனை ஏற்றுக்கொள்வது. 2022 ஜனவரி 27-ல் மகாராஜா பிறந்த வீட்டுக்கே திரும்பினார்.

அப்போது மொத்தக் கடன் 61,562 கோடி ரூபாய். டாடா ஏற்றது போக மீதி 46,262 கோடி அரசின் தனி நிறுவனம் ஒன்றுக்கு மாற்றப்பட்டது. 2009-10 முதல் அரசு ரொக்கமாகவும் கடன் உத்தரவாதமாகவும் கொடுத்த ஆதரவு சுமார் 1,10,000 கோடி. விற்பனை சமயத்தில் நாளுக்குச் சுமார் 20 கோடி நஷ்டம் என்று அரசே சொன்னது.

இப்போது ஆரம்பக் கேள்விக்கு வருகிறேன். விமானத்தில் ஏறாத எனக்கு என்ன தகுதி? அந்த மீதிக் கடனைக் கட்டப்போவது யார், தோழர்களே? அரசு என்றால் யார்? எங்கம்மா வாங்கும் சோப்பில் வரி இருக்கிறது. அப்பா போடும் டீசலில் வரி இருக்கிறது. நான் வாங்கும் டிராயிங் ஷீட்டில் வரி இருக்கிறது. ஏறாத விமானத்துக்கு நாங்களும் டிக்கெட் காசு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். பேச இதைவிட என்ன தகுதி வேண்டும்?

தனியார் என்றால் பிழைத்துவிடுமா?

"அரசாங்கம் நடத்தினால் இப்படித்தான்" என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அதையும் சோதித்துப் பார்ப்போம். ஏர் டெக்கான் கிங்ஃபிஷரில் கரைந்தது. கிங்ஃபிஷர் 2012-ல் நின்றது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2005-ல் கிளம்பிய பாரமவுண்ட் ஏர்வேஸ் 2010-ல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில் நின்றது. எல்லாமே தனியார்! பக்கத்து நாடான இலங்கையில் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸை 1998 முதல் 2008 வரை எமிரேட்ஸ் நிர்வகித்தது. பிறகு அரசு கைக்கு வந்து கடனில் மூழ்கியது.

நம் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2006-ல் திறந்த நோக்கியா தொழிற்சாலை ஸ்ரீபெரும்புதூரின் பெருமை என்றார்கள். 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. ஆக, யார் முதலாளி என்பதைவிட, வரவு செலவை யார் ஒழுங்காகப் பார்க்கிறார்கள், தவறு நடந்தால் யார் பதில் சொல்கிறார்கள் என்பதே முக்கியம் என்பது என் கருத்து.

அந்த அரை மணி நேரம் யாருடையது?

இன்னொன்றும் சொல்லியே ஆகணும். எங்க பெரியம்மா மகன் ஒரு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் ஒப்பந்தத் தொழிலாளி. எந்த நிலையம், எந்த ஏஜென்சி என்று எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என் உதாரணக் கணக்கை அவரிடம் பெருமையாகக் காட்டினேன். பார்த்துவிட்டு, "தம்பி, நீ போட்ட கணக்குல அரை மணி நேரம்னு ஒரு வரில எழுதிட்ட. அந்த அரை மணி நேரம் நாங்க ஓடுற ஓட்டம்டா" என்றார்.

விமானம் வந்து நின்றதும் பெல்ட் வண்டியைச் சேர்த்து, குனிந்தே நிற்க வேண்டிய அந்தச் சரக்கு அறைக்குள் நுழைந்து, பெட்டிகளை இறக்கி, அடுத்த ஊர்ப் பெட்டிகளை அடுக்கணும். சித்திரை வெயிலில் தளத்தின் சூடு ஷூவைத் தாண்டி ஏறுமாம். 2020 மார்ச் 25 முதல் மே 24 வரை நாட்டில் உள்நாட்டுப் பயணிகள் விமானமே பறக்கவில்லை அல்லவா? அப்போது அவருக்கு ஒரு போன் வந்தது. "வர வேண்டாம்." அவ்வளவுதான். பத்து மாதம் கழித்து மறுபடி கூப்பிட்டார்கள், புது ஆளாக, பழைய சம்பளத்தைவிடக் குறைவாக.

அவர் பேச்சைக் கேட்ட பிறகு, மலிவு என்ற சொல்லை நான் பார்க்கும் விதம் மாறிவிட்டது. மலிவில் இரண்டு வகை உண்டு. இயந்திரத்தை வீணாக நிறுத்தாமல், ஒரே வகை விமானம் வைத்து, புத்தியால் செலவைக் குறைப்பது ஒரு வகை. மனிதனின் முதுகிலிருந்து குறைப்பது இன்னொரு வகை. முதலாவதைக் கற்றுக்கொள்ள வேண்டும். இரண்டாவதைக் கேள்வி கேட்க வேண்டும். நாளை நம்மில் பலர் இந்த ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால் கம்பெனிகளில் சூபர்வைசராக நிற்கப்போகிறோம். லைன் வேகத்தைக் கூட்டு என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வரும். அப்போது நாம் எந்த மலிவைத் தேர்ந்தெடுப்போம்?

இன்றைய நிலை

டாடா கைக்கு வந்த பின் 2023-ல் 470 புதிய விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். 2024 நவம்பரில் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தது. ஆனாலும் 2024-25 ஆண்டிலும் நஷ்டம் தீரவில்லை. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் நடந்த விபத்தில், விமானத்திலிருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே உயிர் தப்பினார். கீழே இருந்தவர்களும் மாண்டார்கள். அந்தத் துயரம் நமக்கெல்லாம் தெரியும். எந்தச் செலவைக் குறைத்தாலும் பாதுகாப்புச் செலவில் கை வைக்கக் கூடாது என்பதை விமானத் துறையில் யாரும் ஒரு நாளும் மறக்கக் கூடாது.

மறுபக்கம், உள்நாட்டில் பறக்கும் பத்துப் பேரில் ஆறு பேருக்கு மேல் இண்டிகோவில் பறக்கும் காலம் வந்தது. பைலட்டுகளின் ஓய்வு நேர விதி மாறியதைத் தொடர்ந்து 2025 டிசம்பரில் அந்தக் கம்பெனி தடுமாறி ஆயிரக்கணக்கான நடைகளை ரத்து செய்தது. நாடு முழுவதும் பயணிகள் பெட்டியோடு தரையில் உட்கார்ந்தார்கள். ஒருவரையே நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே சாட்சி. அன்று அரசு ஏகபோகம், இன்று தனியார் பெரும்பான்மை. மாற்று இல்லாத நிலை இரண்டிலும் ஆபத்துதான்.

நம் மாவட்டத்தில் பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் என்று 2022-ல் அறிவித்தார்கள். ஏகனாபுரம் மக்கள் நிலமும் ஏரியும் போகுமே என்று போராடினார்கள். ஆக, விமானம் என்பது நமக்கு எட்டாத சமாசாரம் இல்லை. நம் வயல், நம் வேலை, நம் வரி எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

முடிவுரை

தோழர்களே! இந்தக் கட்டுரையை எழுதி முடித்து அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். எங்கள் வீட்டில் கட்டுரை எழுதிய முதல் ஆள் நான்தான். கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னது: "எல்லாம் சரி. கடன் வாங்கி வண்டி எடுக்கறது தப்பில்ல. எடுத்த வண்டி நிக்காம ஓடணும், ஓட்டுறவன் வயிறும் நிறையணும். ரெண்டும் இருந்தாத்தான் தொழில்." ஏர் இந்தியாவுக்கு மட்டுமல்ல, நாளை நாம் நுழையப்போகும் எல்லாத் தொழிலுக்கும் இது பொருந்தும்.

எனக்கு ஒரு ஆசை உண்டு. வேலைக்குப் போய் முதல் மூன்று மாதச் சம்பளத்தைச் சேர்த்து, அப்பாவையும் அம்மாவையும் சென்னையிலிருந்து மதுரைக்கு விமானத்தில் கூட்டிப்போகணும். மலிவு டிக்கெட்டாகத்தான் இருக்கும். இறங்கும்போது ஜன்னல் வழியாகக் கீழே பார்ப்பேன். பெட்டி இறக்க ஓடி வருகிறவர்களில் எங்கள் அண்ணனைப் போல ஒருவர் இருப்பார். அவருக்குக் கை காட்டணும்.

சிந்திப்போம்! கணக்கு கேட்போம்!